கர்வ் பண்ணாத ஒரே ஃபைல்

இன்று காலை அனுமந்தையிலிருந்து ஒருவர் புதுப் படகுக்கு பேனர் அடிக்க வேண்டுமென்று பென்டிரைவ் கொண்டுவந்தார். ஃபைலைத் திறந்தேன். ஆசையாக எங்கேயோ டைப் செய்து வாங்கிய நாலு வரியும் இங்கே ஃபான்ட் இல்லாமல் கட்டம் கட்டமாக நின்றன. உன் ஞாபகம் வந்து தொலைத்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாம் சேர்ந்து நடத்திய இந்தக் கடையில் நீ எத்தனை முறை கத்தியிருப்பாய்! "ஏம்பா, கர்வ் பண்ணிட்டியா? பண்ணாம அனுப்பாதே. அவன் சிஸ்டம்ல நம்ம ஃபான்ட் இருக்காது, செத்தவன் பேரையே மாத்திடுவான்." திண்டிவனம் பிரஸ்ஸுக்குப் போகும் எந்த ஃபைலானாலும், எழுத்தையெல்லாம் கோட்டுப் படமாக மாற்றிய பிறகுதான் விடுவாய். அப்புறம் ஒரு புள்ளிகூடத் திருத்த முடியாது; ஆனால் எங்கே திறந்தாலும் கலையாது. சாவு வீட்டு பேனரைப் பிணம் எடுப்பதற்குள் கட்டியாக வேண்டும், இரண்டாவது தடவை அடிக்க நேரமேது? உன் பயம் நியாயம்தான். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, பக்கத்து மாவு மிஷின்காரர்கூட உள்ளேயிருந்தே "பண்ணியாச்சு சார்" என்பார்.

உப்பளத்தில் வேலை பார்த்த காலத்தில் நசுங்கியதில் உன் வலது சுண்டுவிரல் மடங்காது. அந்த விரல் தொட வேண்டிய எழுத்துகளை நீ ஃபான்ட்டுக்குள்ளேயே வேறு இடத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டாய். அப்படியொரு ஃபான்ட் உன் கம்ப்யூட்டரைத் தவிர உலகத்தில் எங்கும் கிடையாது. "நம்ம ஃபைல எவனும் திருட முடியாது, பாரு" என்று சிரிப்பு வேறு.

உன் அம்மா போனபோது நீ எழுதிய நாலு வரி, ஊருக்கெல்லாம் அடித்துக்கொடுக்கும் சங்கதி இல்லை. உப்பு வாரப் போகும் பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் படித்து அழுதார்கள். பேனர் வெளுத்து, யார் வீட்டுப் பாத்ரூமுக்கோ மறைப்பாகிப் போனது. கர்வ் பண்ணி பிரஸ்ஸுக்கு அனுப்பிய பிரதியையும், "அதுல ஒரு வார்த்தை தப்பா இருக்குது" என்று நீயே அழித்தாய். வருடா வருடம் திவசத்துக்கு முன்னால் அந்த ஃபைலைத் திறந்து எதையாவது மாற்றுவாய். "டேய், அதையும் கர்வ் பண்ணி வைடா" என்றால், "இன்னும் சரியா வரல, இருப்பா" என்பாய்.

புயல் வெள்ளத்தில் கடை முழுகியது. அதற்கடுத்து நீயும் போய்ச் சேர்ந்தாய். வருடம் நிறையப்போகும் நேரத்தில் உன் வீட்டுக்காரி வந்தாள். "அண்ணே, அவங்க அம்மாவுக்கு எழுதினதையே அவரு நினைவு நாள் பேனர்லயும் போடுங்க. அது போதும்" என்றாள்.

முழுகிய ஹார்டு டிஸ்க்கைப் பாண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஃபைலை மீட்டுக் கொடுத்தார்கள், ஃபான்ட் வரவில்லை. எழுத்து மாற்றிகள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன். பாதிக்குமேல் கேள்விக்குறி. எந்தக் கீயில் எந்த எழுத்தை வைத்தாய் என்று பிடிக்க, சுண்டுவிரலை விறைப்பாக நீட்டிக்கொண்டு உன்னைப்போல் டைப் அடித்தும் பார்த்தேன். 'உப்பு' வந்தது, 'உன் கை' வந்தது. மற்றது வரவில்லை. எனக்காவது மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். நீ மாற்றி மாற்றி வைத்ததில் எந்த வார்த்தை நின்றது, எது போனது என்று எனக்கும் குழம்பிவிட்டது. கடையிலேயே உட்கார்ந்து அழுதேன்டா.

உன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப விட்டுடுங்கண்ணே. அவரு எழுதாதத அவரு போட்டோக்குக் கீழ போட வேணாம்" என்றாள்.

உன் படம், பெயர், பிறப்பு, இறப்பு. கீழே வெறும் வெள்ளை. பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டு இறங்கினேன். கோட்டக்குப்பத்துக்கு பஸ் பார்த்து நின்ற நம் பழைய கஸ்டமர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னங்க, கீழ எழுத்தே விழல? ஃபான்ட் பிராப்ளமா?"

"ஆமாங்க."

"அவரு கடை பேனர்லயே இப்படியா? அடுத்த வருஷமாவது சரி பண்ணிப் போடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தக் கேள்விக்குறிகளைப் போனில் வைத்துக்கொண்டு அலைகிறேன். அடுத்த வருடமும் அந்த வரி வராதுடா. அந்தக் கஸ்டமரிடம் அதை எப்படிச் சொல்ல?