அம்மா வீட்டுக்குப் போன தனம்

ஜெயங்கொண்டம்
12.2.2024

அன்புள்ள தனம் அண்ணிக்கு,

புவனா எழுதுவது. அண்ணன் கார்டு போட்டிருக்கிறார். நீங்கள் கோபித்துக்கொண்டு உடையார்பாளையம் போய் ஒரு மாதம் ஆகிறதாம். யாரோ ஒரு வயசான அம்மாதான் சோறு ஆக்கிப் போடுகிறாராம். அறுபத்தாறு வயதில் என்ன கோபம் அண்ணி இது? எனக்குக் காது மந்தம், போனில் சண்டை போட முடியாது. அதனால்தான் உங்கள் அம்மா வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். உடனே கிளம்புங்கள்.

வருத்தத்துடன்,
புவனேஸ்வரி

ரெட்டிபாளையம்
20.2.2024

அன்பு புவனாவுக்கு,

உன் கடிதத்தை என் தம்பி அய்யாக்கண்ணு பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தான். நான் எங்கேயும் போகவில்லை. அந்த வயசான அம்மா நான்தான்.

மறதி நோய் என்கிறார் பெரம்பலூர் டாக்டர். புதுசு முதலில் போகுமாம், பழசு கடைசியில்தான் போகுமாம். உன் அண்ணன் மனசில் தனத்துக்கு இருபத்தைந்து வயது. ரிட்டயராகிப் பன்னிரண்டு வருஷமாகியும், காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குக் கிளம்புகிறார். மறித்தால், "நீங்க யாருங்க என்னைக் கேக்க?" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை.

தினமும் கல்யாண போட்டோவைக் காட்டிச் சண்டை போடுகிறேன். நேற்று அவர் கோபத்தில் சாப்பிடவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது புவனா.

உன் அண்ணி,
தனம்

ஜெயங்கொண்டம்
14.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு நாள் உங்களோடு இருந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. திட்டி எழுதியதை மனசில் வைக்காதீர்கள். "இன்னைக்கு வார லீவுண்ணே" என்றதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மூன்று தோசை சாப்பிட்டாரே! இனி போட்டோவை எடுக்காதீர்கள். தனம் எங்கே என்றால், வந்துவிடுவாள் என்று சொல்லுங்கள். மாதம் ஒரு வாரம் நான் வருகிறேன். அந்த வாரம் நீங்கள் நன்றாகத் தூங்குங்கள்.

அன்புடன்,
புவனா

ரெட்டிபாளையம்
3.12.2024

அன்புள்ள தனத்துக்கு,

ராஜதுரை சொல்லி எழுதுவது. எனக்கு இப்போது எழுத்துக் கூடிவரவில்லை. இங்கே இருக்கும் அம்மாதான் எழுதுகிறார். எழுதும்போதே மூக்கை உறிஞ்சுகிறார், சளி போலிருக்கிறது.

குழம்பில் உப்பில்லை என்று அன்றைக்குக் கத்தியது தப்புதான். அதற்காக இத்தனை நாளா? இந்த அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு அப்படியே உன் கைப்பக்குவம். உன்னிடம்தான் கற்றிருப்பார்.

சீக்கிரம் வா. ஆனால் ஒன்று, நீ வந்ததும் இவரை அனுப்பிவிடாதே. பாவம், இவருக்கு வேறு யாரும் இல்லை போலிருக்கிறது. இவரும் நம்மோடு இருக்கட்டும்.

உன்,
ராஜதுரை