உமி மூட்டைச் சுவர்

இதை யாருக்கும் காட்டாதே. செத்துப்போனவளிடம் இப்படிக் கேட்பது பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் கேட்கிறேன். உன் அப்பா கண்ணில் மட்டும் இது படவே கூடாது.

எழுத இடம் தேடி அறை மூலையில் உள்ள உமி மூட்டையில் சாய்ந்தேன். அந்த வாசனையில் நீ வந்துவிட்டாய்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டைக் கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தை நீதான் விரித்தாய். ஓடிவந்த ஒரு பெண் சுவரில் சாத்திய மெத்தையில் மோதப்போகும் படம். பல நாட்டுக்காரர்கள் ஓடும் உள்ளரங்கப் போட்டி என்று கீழே போட்டிருந்தது.

"உள்ளரங்கம் எங்கடி கீது? ஸ்ரீரங்கத்தாண்டயா?" என்றாய்.

"அங்கதான் இருக்கும்" என்றேன். எனக்கும் தெரியாது.

மறுநாள் பள்ளியில் கேட்டதும் விளையாட்டு டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஊர் இல்லடி. கூரைக்குள்ள ஓடறது. அறுபது மீட்டர்தான். அப்பால நிக்க இடம் கெடையாது, செவுருதான். அதான் மெத்த."

அதன்பிறகு பள்ளிக்குப் பின்னால் இருந்த காலி நெல் கிடங்குதான் நமக்கு உள்ளரங்கம். அறுபதில் பாதிகூட வராது. கடைசிச் சுவரில் உமி மூட்டைகளைச் சாத்தினோம். நான் மூட்டையை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவேன். நீ அப்படியே போய் மோதித் தலையெல்லாம் உமியோடு எழுவாய். "இன்னாடி, இப்பவே பிரேக் போட்டுக்கினு வர்ற? மூட்ட உன்னக் கடிச்சிடுமா?"

லீவுக்கு மலைமேல் உன் ஊரான கரியாலூர் போனவள் வயிற்று வலியோடு ஜீப்பில் இறங்கி வந்தாய். எங்கள் ஆட்கள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்த வாரம். எங்கள் ஊர் முனையில் ரோட்டை மறித்துப் புளியமரம் கிடந்தது. உன் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாராம். போய்ச் சேரும்போது நீ இல்லை.

அந்த மரத்தை வெட்டியவர்களில் என் அண்ணன் இருந்தான். அவன் கோடரியைக் கழுவியதைப் பார்த்தேன். "உன் படிப்புக்கும்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஜீப்பில் வந்தது நீ என்று தெரிந்ததிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

போலீஸ் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறது. "யார் கேட்டாலும் அண்ணன் அன்னிக்கு வூட்லதான் இருந்தான்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. பள்ளிக்கூடத்துல அவளோட சிநேகிதி நீதான்" என்றார் அப்பா. நான் தலையாட்டிவிட்டேன்.

அந்த மல்லாட்டைக் காகிதம் என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. படத்தில் இருப்பவள் இன்னும் கண்ணை மூடாமல் மெத்தையை நோக்கி வருகிறாள். நான் இன்றைக்கும் மூட்டைக்கு முன்னாலேயே நின்றுவிட்டவள். இந்த ஒரு தடவை நிற்காமல் போய் உண்மையைச் சொன்னால் அண்ணனை ஜெயிலில் போடுவார்கள். நின்றுவிட்டால் உன்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்னைத்தான் கூப்பிடுகிறார். நான்