நான்காம் ஆளையும் எடுக்கவா?

அம்மா,

உங்கள் மெரூன் சுவெட்டரை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதமாகியும் அதிலிருந்து சேர்வர் அறையின் மணம் போகவில்லை. சூடேறிய பிளாஸ்டிக், தூசி, அதற்குள் கொஞ்சம் தலைவலித் தைலம். கொழும்பில், கொட்டாஞ்சேனை வெயிலில் கையில் சுவெட்டரோடு வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போகிற ஒரே ஆள் நீங்கள்தான். பஸ் கொண்டக்டர் ஒருநாள் கேட்டாரே, “மிஸ், நுவரெலியா பஸ் இந்தப் பக்கம் வராது!” என்று. நீங்களும் விடவில்லை. “நான் போற இடம் அதவிடக் குளிர். நீங்களும் வாறீங்களா?” பஸ்ஸே சிரித்தது. நான் வெட்கப்பட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அப்பா முன் அறையில் இருக்கிறார். டோர்ச் வெளிச்சம் கதவுக்கு வெளியே போகாதபடி புத்தகங்களை அடுக்கி மறைத்திருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு உங்களோடு வேலை செய்த ருவன் அய்யே உங்கள் போனை வாங்க வருகிறார். அது என்னிடம் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்று உங்கள் சாமான்களைப் பெட்டிகளில் போட்டுக் கட்டிக்கொண்டே அவர் கேட்டார். “அம்மாட போன் எங்க மகள்?”

“ஒஃபிஸ்காரர் கொண்டு போயிட்டினம்.”

அதுதான் நான் அப்பாவுக்குச் சொன்ன முதல் பெரிய பொய். போன் அப்போது இந்தச் சுவெட்டரின் பையில், சுவெட்டர் என் மேசை இழுப்பறையில்.

ஏன் எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அது இன்னும் உங்களைப் போலவே கதைக்கிறது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அந்தப் போன் உங்களைத் தூங்க விடாது. ஏதோ ஒரு சேர்வரில் ஒரு டிஸ்க் பழுது, இன்னொன்றில் மெமரி பிழை. நீங்கள் எழும்பி, கண்ணை முழுதாகத் திறக்காமலே, எந்த மெஷின் என்று பார்த்து, அதன் வேலையை மற்ற மெஷின்களுக்கு மாற்றி, அதை நிறுத்தி, புதுச் சாமானுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் படுப்பீர்கள். ஒவ்வொரு முறையும் அதே நாலு வேலை. பிறகு ஒரு லீவு முழுக்க இருந்து அந்த நாலு வேலையையும் தானாகவே செய்யும் ஒரு புரோகிராம் எழுதினீர்கள். “நித்திரையில செய்யிற வேலைய மெஷினுக்குக் குடுக்கலாம். யோசிச்சுச் செய்யிற வேலைய மட்டும் நாங்க வச்சிருக்க வேணும்” என்றீர்கள்.

ஒஃபிஸில் மற்றவர்களுக்கு அது ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பும். உங்கள் போனுக்கு மட்டும் தமிழில், மெஷின்களை ஆட்களாக்கி எழுதி வைத்திருந்தீர்கள், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது போல. “ஏழாம் ஆள் களைச்சுப் போனார். வேலைய மற்றாக்களுக்குக் குடுத்திட்டன். நீ படு, காலமை பாப்பம்.”

நீங்கள் நாலு நாள் காய்ச்சலில் போன பிறகும் அந்தச் செய்திகள் நிற்கவில்லை. “நீ படு, காலமை பாப்பம்” என்று வரும்போது அதை எனக்குச் சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன். வாசித்துவிட்டுப் படுப்பேன். நித்திரையும் வரும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் புரோகிராமுக்கு நீங்கள் ஒரு கடிவாளம் போட்டிருந்தீர்கள். மெஷின்களை அடுக்கி வைக்கும் ஒரே ராக்கில் இருந்து இரண்டைத்தான் அது தானாக வேலையிலிருந்து எடுக்கும். மூன்றாவதை எடுக்க முன் உங்களிடம் கேட்கும். ஓம் என்றால் 1, வேண்டாம் என்றால் 2. கால் மணித்தியாலத்துக்குள் பதில் இல்லாவிட்டால் ருவன் அய்யேக்குப் போன் அடிக்கும். நீங்கள் இல்லாத எட்டு மாதத்தில் இன்றைக்கு முன் அது இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் நான் 1 அழுத்தினேன். நீங்கள் அப்படி அழுத்துவதைப் பார்த்திருக்கிறேனே. ஒன்றும் நடக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகக் கூட இருந்தது. நான் பதில் அனுப்பியதால்தான், கேள்வி இன்னும் உங்கள் போனுக்கே வருகிறது என்பது ஒஃபிஸில் ஒருவருக்கும் தெரியாமல் போனது என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது.

இன்று பின்னேரம் ஏழு மணியிருக்கும். அப்பா பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்தார். நான் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தேன். போனில் செய்தி வந்தது. “ரெண்டு பேர் ஒரே ராக்கில களைச்சுப் போயிட்டினம். மூண்டாம் ஆளையும் எடுக்கவா?” ஒரு கண் கொப்பியில் இருக்க 1 அழுத்தினேன். பத்து நிமிடம் போகவில்லை. “நான்காம் ஆளையும் எடுக்கவா?”

விரல் 1இன் மேல் போய்விட்டது. அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது.

பாடசாலை லீவில் என்னை ஒஃபிஸுக்குக் கூட்டிப்போனீர்கள். அன்றைக்கும் இப்படித்தான் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டது. ருவன் அய்யே ஓடிவந்து, “அக்கே, எடுக்கச் சொல்லுங்க, எல்லாம் பழுது!” என்றார். நீங்கள் திரையைப் பார்க்கவே இல்லை. சுவெட்டரின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, ராக்கின் முதுகில் உள்ளங்கையை வைத்தீர்கள். என் கையையும் பிடித்து வைத்தீர்கள். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனது போல இருந்தது. “மெஷினில பிழையில்ல ருவன். அறையில பிழை. ஏசியப் பாருங்கோ.” எடுக்க எடுக்க மிச்சம் இருப்பவற்றின் மேல் சுமை ஏறும், சுமை ஏற அவையும் சூடாகி விழும், கடைசியில் ஒன்றும் மிஞ்சாது என்று பிறகு சொன்னீர்கள்.

நான் 1 அழுத்தவில்லை. 2 அழுத்தவும் பயம். கால் மணித்தியாலம் பொறுத்திருந்தால் ருவன் அய்யேக்கு அதுவே அடித்திருக்கும். ஆனால் அந்த மெஷின்களில் இருப்பது கிளினிக்குகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் என்று எனக்குத் தெரியும். உங்கள் போனிலிருந்தே அவருக்கு அடித்தேன்.

அவருடைய திரையில் உங்கள் பெயர் விழுந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை அம்மா.

“அக்கே?” என்றார், மிக மெதுவாக.

“இல்ல அய்யே. நான் மகள் கதைக்கிறன். ஏசியப் பாருங்கோ. மெஷினில பிழையில்ல. மூண்டாம் ஆளை நான்தான் எடுக்கச் சொன்னனான்.”

“அனே மகள்…” என்றவர், அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ஓடினார். படிகளில் அவர் செருப்பு அடிக்கும் சத்தம் போனில் கேட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்து அவரே போன் அடித்தார். ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்து, உள்ளே ஐஸ் கட்டி, காற்றே வரவில்லையாம். கதவைத் திறந்து பெரிய காற்றாடி வைத்திருக்கிறார்களாம். மூன்று மெஷின்களும் உயிரோடுதான் இருக்கின்றனவாம். மிச்சம் இருந்தவை சுமை தாங்காததால் நாற்பது நிமிடம் ஒரு கிளினிக்குக்கும் முடிவுகள் போகவில்லையாம். யாரோ எங்கேயோ கதிரையில் அமர்ந்து காத்திருந்திருப்பார்கள். அதில் என் பங்கும் உண்டு. நான் அழுததும் அவர் சொன்னார், “அழ வேணாம் மகள். நம்பர மாத்தாம விட்டது நாங்க. அது பெரியாக்கள்ட பிழை. ஆனா போன் எனக்கு வேணும். நாளைக்கு வாறன். அப்பாவுக்கு நீங்க முதல்ல சொல்லுங்க, சரியா?”

“ஓம் அய்யே. அந்த வசனத்த மட்டும் மாத்தாதீங்கோ.”

“எந்த வசனம்?”

வாசித்துக் காட்டினேன். சிங்களவரான அவருக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது, இத்தனை நாளும் உங்களுக்கு என்ன போகிறதென்றே தெரியாதாம். “மாத்த மாட்டன்” என்றார்.

நாளைக்குப் பிறகு அது எனக்கு வராது. ஆனால் இப்போது எனக்குப் பயம் அதில் இல்லை. அப்பாவில்தான்.

நீங்கள் போன பிறகு அப்பா நிறையப் பிழை விடுகிறார். தண்ணீர்க் குழாயை மூட மறக்கிறார். டியூஷன் முடிந்து என்னைக் கூட்டிவர மறந்து, ஒருநாள் நான் மழையில் நின்றேன். போன கிழமை சோறு அடிப்பிடித்துப் புகை வந்தது. “உங்களுக்கு ஒண்டும் ஒழுங்காச் செய்யத் தெரியாது!” என்று கத்தினேன். அவர் சட்டியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். நான் அவருடைய பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாளும் முதுகில் கை வைத்துப் பார்க்கவில்லை.

உங்கள் வேலையில் எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். அந்த ராக்கின் சூடு மட்டும் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

முன் அறையில் கதிரை இழுபடும் சத்தம். அவர் இன்னும் படுக்கவில்லை. சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, போனையும் எடுத்துக்கொண்டு இப்போதே போகிறேன். எல்லாவற்றையும் சொல்வேன். ஏசினால் ஏசட்டும். பிறகு அவருக்கு அந்த வசனத்தை வாசித்துக் காட்டுவேன். போனை அணைத்துவிட்டு, என் வாயாலேயே இன்னொருமுறை சொல்வேன்.

படுங்கோ அப்பா, காலமை பாப்பம்.