தொட்டுப் பார்க்கிற கை

2 செப்டம்பர் 2025, செவ்வாய். ஆம்பூர்

பெட்டியின் எடை கூடிவிட்டதாம். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் எடுத்து வெளியே வைத்தார். அவர் குளிக்கப் போனதும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்தேன். யாரிடம்!

எங்கள் மகள் நந்தினி இத்தாலிக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. செருப்பு டிசைன் கம்பெனியில் நல்ல பெயர் எடுத்திருக்கிறாள். மலைமேல் ஒரு பழைய வில்லாவை எங்களுக்காக ஒரு வாரம் வாடகைக்கு எடுத்திருக்கிறாள். "ஊரைச் சுத்திப் பாருங்க, நல்லா சாப்புடுங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்கிறாள்.

வேறு ஒன்றும் இருக்கிறது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவளுடைய முதலாளி அங்கே சாப்பிட வருகிறார். ஆம்பூரில் வாங்கும் தோலைக் கப்பலில் ஏற்றுமுன் தரம் பார்க்க அவருக்கு ஒரு ஆள் வேண்டும். "எங்கப்பா கை மாதிரி அங்க வேற கை கிடையாது" என்று இவள் சொல்லி வைத்திருக்கிறாள். இவர் தோலைத் தரம் பார்த்துக்கொண்டிருந்த டேனரி மூடியதிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? முகத்தில் சந்தோஷமே இல்லை. ஏன் என்று கேட்டால் "பெட்டியப் பூட்டு" என்கிறார்.

7 செப்டம்பர், ஞாயிறு. தஸ்கனி

மஞ்சள் சுவர், ஓட்டுக் கூரை, சுற்றிலும் ஆலிவ் மரங்கள். ஏலகிரியை இஸ்திரி போட்டு விரித்த மாதிரி மெத்தென்று கிடக்கிறது மலை. சமையலறை மட்டுமே எங்கள் வீட்டளவு. வில்லாக்காரம்மா கீரையும் பயறும் பழைய ரொட்டியும் போட்டு ஒரு சூப் கொடுத்தாள். ரொட்டியில் உப்பே இல்லை. இந்தப் பக்கத்து ரொட்டி அப்படித்தானாம். ஊறுகாயை எடுத்து வைத்தேன், பெட்டியைப் பிரித்தபோது முறைத்தவர்தான் முதலில் கையை நீட்டினார்.

செம்மறிப் பாலில் செய்த சீஸைத் தேன் தொட்டுச் சாப்பிட்டோம். பொய் சொல்லக் கூடாது, பிரமாதம்.

8 செப்டம்பர், திங்கள்

வில்லாக்காரம்மா எங்களுக்குப் 'பீச்சி' என்கிற அவர்கள் ஊர் நூடுல்ஸ் செய்யக் கற்றுக்கொடுத்தாள். மைதா மாவைப் பலகையில் உருட்டி உருட்டி நீளக் கயிறாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு முறுக்கு சுற்றிய கை, சட்டென்று வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஒரு முனை கட்டை விரல் தடிமன், மறு முனை நூல். அதைப் பார்க்காமலே உருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா இது, மலைப்பாம்பா?" என்று நந்தினி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு தோலுக்கும் இன்னொரு தோலுக்கும் காகிதத் தடிமன் வித்தியாசம் இருந்தாலும் தொட்டே சொல்கிற மனுஷன் இவர். மாவில் மட்டும் என்ன ஆச்சு?

9 செப்டம்பர், செவ்வாய்

மழை. தூக்கம். திராட்சை.

10 செப்டம்பர், புதன்

ஃப்ளாரன்ஸ். ஒரு பழைய அரண்மனை, இப்போது மியூசியம். ஒரு படத்தில் மாதா புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள், தேவதூதன் வந்து நிற்கிறான். அவள் முகத்தில் பக்தியெல்லாம் அப்புறம்தான். நல்ல இடத்தில் வந்து கெடுத்தானே என்கிற எரிச்சல்தான் முதலில் தெரிகிறது. அந்தப் படத்தை விட்டு வர எனக்கு மனசே இல்லை.

அடுத்த அறையில் சுவர் முழுக்கத் தோல். பொன் பூசி, பூவும் கொடியும் புடைப்பாக அச்சடித்த தோல். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. இவர் கயிற்றைத் தாண்டிக் கையை வைத்துவிட்டார். அலாரம் அலறியது. காவல்காரி ஓடி வந்து கத்தினாள். போலீஸ் வருமோ என்று பயந்துபோனேன். நந்தினிதான் கெஞ்சினாள். எங்கப்பா தோல்காரர், தோலைக் கண்டால் கை நிற்காது என்று சொன்னாளாம். அதுவும் உண்மைதான். பஸ்ஸில் பக்கத்து ஆளின் பையைக்கூடத் தடவிப் பார்ப்பார். கடைசியில் காவல்காரியே சிரித்துவிட்டாள்.

இவர் சிரிக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நந்தினி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

"சுந்தரி, அந்தப் பூ வேலை கைக்குத் தெரியல."

"இன்னா தெரியல?"

"கண்ணுக்குத் தெரியுது. கைக்கு ஒண்ணுமே தெரியல. ஒரு வருஷமா இப்படித்தான்."

ஒரு வருஷம்! சுகர் மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தினார், நான் கத்தினேன், கேட்டாரா? பக்கத்துலயே படுத்துக் கெடக்கறேன் — எனக்குத் தெரியலியே. அதுதான் வயித்த எரிக்குது.

11 செப்டம்பர், வியாழன்

காலையில் நீச்சல் குளத்தோரம் சண்டை. எதிரே மலை, வெயில், பூ. இங்கே நாங்கள்.

"நாளைக்கி மட்டும் சமாளிச்சிடறேன். அவர் குடுக்கற தோலக் கண்ணால பாத்தே பிரிச்சிடுவேன். அவகிட்ட சொல்லாத."

"தப்பான தோல் கப்பலேறி வந்தா யாரு தலை உருளும்? உங்க தலையா? அவதான உங்களுக்காக வாக்கு குடுத்திருக்கா."

"என் பொண்ணு முன்னாடி என்னை ஒண்ணுமில்லாம பண்ணிடாத, சுந்தரி."

இப்படி இவர் என்னிடம் கேட்டதே இல்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன். "நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

நந்தினி ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாம்மா சத்தம்?" என்றாள். ரொட்டியில் உப்பில்லை என்று சண்டை என்றேன். நம்பிவிட்டாள், பாவம்.

12 செப்டம்பர், வெள்ளி

முதலாளி வந்தார். நரைத்த தாடி, மெதுவான பேச்சு. முயல் கறி, வெள்ளைப் பயறு, அத்திப்பழம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார், ருசி தெரிந்து சாப்பிட்டாரா தெரியாது.

சாப்பாடு முடிந்ததும் காரிலிருந்து தோல்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். நந்தினி பெருமையாக என்னைப் பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வை. இவர் எழுந்து முதல் தோலை வெளிச்சத்தில் பிடித்தார், மடித்தார், பிரித்தார். தரத்தைச் சரியாகச் சொன்னார். அடுத்ததும் சரி. முதலாளி தலையாட்டினார். மூன்றாவதைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். கை ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது. நான் வாயைத் திறந்துவிட்டேன் — அதற்குள் அவரே தோலைக் கீழே வைத்தார்.

"நந்தினி, அவர்கிட்ட சொல்லு. எனக்குக் கண்ணு சரி. கை போய்ட்ச்சி."

"இன்னாப்பா சொல்ற? வெளையாடாத."

அவள் மொழிபெயர்க்கவில்லை. இவரே அவர் பக்கம் திரும்பி, விரல்களை விரித்துக் காட்டி, "சார், ஃபிங்கர்ஸ்... நோ ஃபீலிங்" என்றார்.

நந்தினி எழுந்து ஆலிவ் மரங்களுக்குள் போய்விட்டாள். முதலாளி இவர் தோளைத் தட்டிக் காபி ஊற்றிக் கொடுத்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அழுதேன். நல்லது செய்தாரே என்றா, எல்லாம் போச்சே என்றா? ரெண்டும்தான்.

14 செப்டம்பர், ஞாயிறு

ஏர்போர்ட்டில்தான் நந்தினி அப்பாவோடு பேசினாள். "எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

6 அக்டோபர், திங்கள். ஆம்பூர்

இத்தாலிக்காரர் வேலை ராணிப்பேட்டை ஆள் ஒருவருக்குப் போய்விட்டது. நந்தினி போனில் சொன்னாள், குரல் தெளிவாகவே இருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கிறதாம். போனது திரும்பாது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். குளிக்கிற வெந்நீரை வேறு ஒருவர் தொட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம். இவருக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. "நான் இன்னா கொழந்தையா?" வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம் கதவை என் மூஞ்சியில் அடித்துச் சாத்திக்கொண்டு பச்சைத் தண்ணீரில் குளித்தார்.

2 நவம்பர், ஞாயிறு

இன்றும் பச்சைத் தண்ணீர். இருமல். வெந்நீர் வைத்துத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று நானும் கேட்பதாக இல்லை, பார் என்று அவரும் சொல்வதாக இல்லை.

19 நவம்பர், புதன்

திங்களிலிருந்து உள்ளூர் ரஃபி பாயின் ஷூ யூனிட்டில் சரக்கு அனுப்புகிற டிஸ்பேட்ச் வேலை பார்க்கிறார். சம்பளம் கம்மிதான். மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

இரவெல்லாம் மழை, காலையில் நல்ல குளிர். நான் வாசலில் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளோடு பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"சுந்தரி! சுடுதண்ணி வெச்சிருக்கேன். எனக்குச் சூடு தெரியல. வந்து கைய வெச்சுப் பாரு!"

கெங்கம்மாள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே ஓடினேன். வாளியில் கையை விட்டேன், சூடு ஜாஸ்தி. ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன்.

"இப்ப குளிங்க" என்றேன்.