வளையம் சேர்ந்தது

லோத்குண்டா,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஹம்ஸினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். ஹெல்சிங்கியில் குளிர் எப்படி, உன் முதுகுவலி எப்படி என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். அம்மா போனில் சரியாகவே பேசுவதில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம். மூன்று வாரமாக லேபில் மனசு சரியில்லை கண்ணு, இப்போது சரியாகிவிட்டது, அதனால்தான் இந்த மெயிலை எழுதுகிறேன்.

நான் வளர்க்கும் பாக்டீரியா இரண்டாகப் பிரியும் முன், அதன் நடுவில் ஒரு புரதம் நூல் நூலாகச் சேர்ந்து வளையமாகும். அந்த இடத்தில்தான் செல் இறுகிப் பிரியும். அந்தப் புரதம் பச்சையாக ஒளிரும்படி செய்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். இந்த முறை வந்தது சூடு தாங்காத ரகம், முப்பது டிகிரியில்தான் வளர்க்க வேண்டும். ஆனால் வளையமே காணோம், செல்கள் பிரியாமல் சேமியா மாதிரி நீண்டுகொண்டே போயின. எனக்கு மேலே இருக்கும் ராகவேந்திரா சாருக்கு உன்னைவிட நாலு வயதுதான் கூட. அவர் எல்லோர் முன்னாலும், "ரகத்தையே மாத்தி எடுத்துட்டீங்க போல மேடம், வயசாச்சுல்ல, எல்லாத்தையும் கொட்டிடுங்க" என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குழாயில்கூட நான் பெயர் மாற்றி ஒட்டியதில்லை. அப்பா, "நக்கோ மைதிலி, இந்த வேலையே வேண்டாம், ராஜினாமா குடுத்துட்டு நிம்மதியா இரு" என்றார். எழுதியும் வைத்துவிட்டேன்.

கொடுக்கப் போன அன்று, கடைசியாக ஒரு தடவை துடைத்து வைப்போம் என்று வளர்ப்புப் பெட்டிக்குள் கையை விட்டால் வழக்கத்தைவிடச் சூடு. பெட்டியின் வெளியே இருக்கும் மீட்டர் முப்பது காட்டுகிறது, உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் நாற்பத்திரண்டு! உடனே அந்த நீண்ட செல்களை முப்பதுக்குக் கொண்டுவந்து, சாரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். சில நிமிஷம்தான் ஹம்ஸி, சிதறிக் கிடந்த பச்சையெல்லாம் அங்கங்கே வளையமாகச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் செல்கள் ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பித்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் மெதுவாக சாரி என்றார். "எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும்தானே சார் திருப்பி எடுக்கணும்" என்றேன், எங்கிருந்து வந்ததோ அந்த தைரியம். திங்கட்கிழமை மீட்டிங்கில் அவர் எழுந்து நின்று சொன்னார்.

நம் உடம்பின் செல்களில் இந்தப் புரதம் கிடையாது. அதனால் அந்த வளையத்தைச் சேரவிடாமல் தடுக்கும் மருந்து கிடைத்தால், வழக்கமான மருந்துக்கு மசியாத கிருமிகளுக்கும் வழி பிறக்கலாம். அந்தச் சோதனையை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்காகும், ஆகட்டும்.

புதன்கிழமை அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், வெளியே காட்டிக்கொள்ளாமல் பயந்துகொண்டிருக்கிறார், முந்தின நாளே பேசிவிடு. நல்லபடியாக இரு, மனசுக்குப் பிடித்ததைச் செய், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. இந்த வேலை பற்றிய கட்டுரையில் என் பெயரும் வருகிறது, எப்படிப் போடட்டும் என்று சார் கேட்டார். முழுப் பெயராகவே போடச் சொல்லிவிட்டேன்.

பிரியமுள்ள அம்மா,
மைதிலி பத்மநாபன்