பெரிய பெட்டிக்கு நகல் இல்லை

இல்லை, ஒன்றுகூட மிஞ்சவில்லை. உன் அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லாமல் விழுங்கும் பதில் இதுதான். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்வது சுலபம்.

வீடியோவெல்லாம் சேர்த்து வைத்த பெரிய பெட்டி மூடி கழன்றபடி என் முன்னால் கிடக்கிறது. சூடான தூசி வாசம். கரண்ட் கொடுத்தால் இரண்டாவது டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துவிட்டு அடங்கிவிடுகிறது. காலையிலிருந்து எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

இந்தப் பெட்டி பழங்காநத்தம் ஸ்டூடியோவுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய சர்வர் கல்யாண வீடியோக்களால் நிரம்பிவிட்டது. அதை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் தனி டிஸ்க்கில் நகல் எடுப்போம். நீ அந்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றி உன் ரூமுக்குக் கொண்டுபோய்விடுவாய். இடம் பத்தவில்லை என்று முதலாளி நான்கு டிஸ்க் வாங்கித் தந்தார். நான் அவற்றைச் சேர்த்து ஒரே பெரிய இடமாகத் தெரியும்படி கட்டினேன். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் தாங்கும். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடம் விட்டு ஓடியவனுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

நீ கேமராவைக் கழுத்தில் மாட்டியபடி பெட்டியைச் சுற்றி வந்தாய்.

"எல்லாஞ் சரி மாப்ள. இதுக்கு நகலு எதுல எடுப்ப?"

"எதுக்கு? ஒண்ணு போனா மூணு இருக்குல்ல."

"நாலையும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கியிருக்க. ஒண்ணாப் பொறந்தது ஒண்ணாப் போச்சுன்னா?"

"நீ கேமராப் புடிக்கிற வேலையப் பாருடா."

"நான் புடிச்சிருவேன். நீ அழிக்காம வையி, அது போதும்."

அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் திட்டம் போட்டோம். பெட்டி முழுவதையும் நகல் எடுக்க நம்மிடம் டிஸ்க் இல்லை. "எது போனா மறுபடி எடுக்க முடியாதோ, அத மட்டும் எழுது" என்றாய். தாலி கட்டு, ஆசீர்வாதம், முடித்துக் கொடுத்த வீடியோ என்று வரிசையாக எழுதினேன். கடைசியில் 'வேஸ்ட்' என்று நாம் பெயர் வைத்திருந்த ஃபோல்டர் மட்டும் நின்றது. வெட்டி எறிந்த துண்டுகள். ஒவ்வொரு கல்யாணத்திலும் லைட் பார்க்கிறேன் என்று கேமராவை உன் பக்கமே திருப்பி, "மைக் டெஸ்ட்டு, மாப்பிள்ள நாந்தேன், பொண்ணத்தேன் இன்னும் காணோம்" என்று நீ பல்லைக் காட்டியதெல்லாம் அதில்தான் இருந்தது.

"இத எழுதவா?" என்றேன்.

"என்னத்துக்கு?"

"அதுஞ்சரி. ஒம் மூஞ்சிய எப்ப வேணாலும் எடுத்துக்கலாம்."

நீ டீயைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தாய். நான் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை டிஸ்க்கையும் துடைத்துவிட்டு, பத்திரிகையில் எழுதியதை மட்டும் அதில் ஏற்றினோம்.

வாடிப்பட்டி கல்யாணத்தை முடித்துவிட்டு நீ பைக்கில் திரும்பியது பட்டப்பகலில்தான். லாரி. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

பதினாறு முடிந்து உன் அம்மா எழுமலையிலிருந்து ஸ்டூடியோவுக்கு வந்தார். வீட்டில் உன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றுதான் இருக்கிறதாம்.

"ஏய்யா, ஊருல உள்ளவுகளையெல்லாம் படம் புடிச்சானே, அவன யாராச்சும் புடிச்சீகளா? பேசுற மாதிரி ஒண்ணு இருந்தாக் குடுய்யா."

"ஒண்ணு என்னம்மா, அம்புட்டு இருக்கு. ஒரு வாரத்துல சிடி போட்டுத் தாரேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்த வாரமே ஒரு டிஸ்க் செத்தது. மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. நீ இருந்திருந்தால் முதலில் அந்த 'வேஸ்ட்' ஃபோல்டரை வெளியே எடு என்றிருப்பாய். ஒரு மணி நேர வேலை. எனக்குத்தான் எதிலும் பொறுமை கிடையாதே. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்கிறேன் என்று புது டிஸ்க்கைச் செருகிவிட்டேன். புதியதை நிரப்ப மற்ற மூன்றும் ஓயாமல் சுற்றின. மறுநாள் மத்தியானம் அதில் ஒன்று நின்றது. இரண்டு போனால் எல்லாம் போனது மாதிரிதான். செத்த டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிறவர்களிடம் சென்னைக்கு அனுப்பினோம். முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கேமரா டேப்பையாவது தேடலாம் என்றால், ஒரு கல்யாணத்தைச் சர்வரில் ஏற்றியதும் அதே டேப்பில் அடுத்ததை எடுப்பதுதானே நம் பழக்கம். முடித்துக் கொடுத்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். உன் குரல் வந்த இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு நாதஸ்வரம் போட்டிருக்கிறேன். நானேதான் போட்டேன். மதுரையில் பாதிப் பேருடைய கல்யாணம் பத்திரமாக இருக்கிறது. நீ மட்டும் எதிலும் இல்லை.

உன் அம்மாவிடம் இன்னும் "தேடுறேம்மா" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம், "பக்கத்து வீட்டுல சிடி பிளேயரு சொல்லி வச்சிருக்கேன்யா, எப்பத் தருவ?" என்றார். இன்றைக்கு அவரே பஸ் ஏறி வருகிறார்.

உன் பேச்சு என் காதில் இருக்கிறது. இனி வேறெங்கும் இல்லை. அதை எடுத்து அவர் கையில் கொடுக்க எந்த வயரும் கிடையாது. அதுவும் எத்தனை நாளைக்கு? நேற்று நினைத்துப் பார்த்தேன். நீ சொன்ன வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன. சொல்கிற குரல் மட்டும் என்னுடையதாக இருந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். "ஏய்யா, இருக்கியா?" என்கிறார்.

நான் போகணும்.