‘போட்டாச்சு’ பொத்தான்

மார்ச் 2
காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “கண்காட்சியில உங்க பசங்கள்ல ஒரு குழுவுக்காவது முதலீடு கிடைக்கணும் மேடம். இல்லேன்னா அடுத்த வருஷம் இந்த வகுப்பு கிடையாது.”

புதிய தொழில் யோசனைகளைச் சோதித்துப் பார்க்கக் கற்றுத்தரும் வகுப்பு. நான் சண்டை போட்டு வாங்கியது. இப்போது நம்பிக்கையெல்லாம் நான் வாயாடி என்று கூப்பிடும் மாணவியின் குழுமேல்தான். வயதானவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. மணி அடிக்கும், மாத்திரையை விழுங்கிவிட்டு ‘போட்டாச்சு’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும்.

மார்ச் 5
வகுப்பில் தொண்டை கிழியக் கத்தினேன். “யோசனை நல்லாருக்கான்னு யாரையும் கேக்காதீங்க. முகத்துக்கு நேரா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. என்ன செய்யறாங்கன்னு பாருங்க.”

வாயாடி கை தூக்கினாள். “அப்ப உங்க அப்பாகிட்ட குடுத்துப் பாக்கலாமா மேடம்? பிரஷர்னு சொன்னீங்களே.”

ஏன் கூடாது? கொடுத்தேன்.

மார்ச் 14
அப்பா ஒரு வேளைகூடத் தவறவில்லை. கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற மனிதர்! செயலியைக் கொடுத்துப் பார்த்த மற்ற வீடுகளிலும் அப்படியே. வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் ஏன் நம்ப முடியவில்லை?

மார்ச் 15
ஒன்றுமில்லை. வீண் பயம்.

மார்ச் 19
அப்பாவுக்கு மூச்சு வாங்கியது — மருத்துவமனை. “மாத்திரையே போடாத மாதிரில்ல இருக்கு பிரஷர்,” என்றார் டாக்டர். வீட்டுக்கு ஓடி இழுப்பறையைத் திறந்தால், பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

“ஏம்ப்பா?”

“போட்டா கால் வீங்குதும்மா. செருப்பு ஏற மாட்டேங்குது.”

“அப்ப பொத்தானை ஏன் அமுக்கினீங்க?”

“உன் புள்ளைங்க ஜெயிக்கணும்ல.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!”

“நீ போட்டாச்சான்னு மட்டும்தானே கேப்ப,” என்றார்.

ஆத்திரமா வருது. அவர் மேலயா, என் மேலயா? ரெண்டு பேர் மேலயும்தான்.

மார்ச் 20
சொல்வதா, வேண்டாமா? சொன்னால் வகுப்பு போச்சு. வாயை மூடிக்கொண்டால் — இன்னும் எந்தெந்த வீட்டில் யாருக்கு மூச்சு வாங்கப் போகிறதோ? நடைக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து தீர்த்தேன். கடைசியில் வாயாடியிடம் சொல்லிவிட்டேன்.

“ஒருத்தர் பொய் சொன்னா எல்லாருமா மேடம்?” வாயாடி அழுதாள். அப்புறம் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

மார்ச் 22
பாதிக்கு மேல் வெறும் அமுக்கல். ஒருவருக்கு மாத்திரை போட்டால் பசிக்கவில்லையாம். ஒரு அம்மா, மகனின் தொணதொணப்பு தாங்காமல் அமுக்கியிருக்கிறார். “மறதிக்காரங்க ரெண்டு மூணு பேர்தான் மேடம். மீதிப் பேருக்கு மாத்திரை ஒத்துக்கல, இல்ல வீட்டு ஆளுங்க ஒத்துக்கல,” என்றாள் வாயாடி. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 27
கண்காட்சி மேடை. “எங்க பொத்தானை எல்லாரும் அமுக்கினாங்க. பாதிப் பேருக்கு மேல மாத்திரைய போடல. அதனால இதுக்கு நாங்க முதலீடு கேக்கல,” என்றாள். முதல்வர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கோ எழுந்து நின்று விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஏப்ரல் 3
வகுப்பு போய்விட்டது. அடுத்த வருஷத்துக்குக் கணக்குப்பதிவியலைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

ஏப்ரல் 9
டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். காலையில் கிளம்பும்போது, “புது மாத்திரை எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டேன்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“கால் வீங்கல. ஆனா வாயெல்லாம் கசக்குது. இன்னைக்கு இன்னும் போடலம்மா,” என்றார்.